இடுப்பில் துப்பாக்கியோடு முதல் மூன்று மாதங்கள்

டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு லாண்ட்ரோமேட், அதாவது துணி துவைக்கும் கடை, நடத்துகிறேன். எல்லாமே கால் டாலர் நாணயம் போட்டால் ஓடுகிற மெஷின்கள். ராத்திரி பத்து மணிக்குக் கடையை அடைத்து, காசுப் பெட்டிகளைக் காலி செய்து, வாளியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடப்பது என் வேலை. 500 டாலர் என்றால் 2,000 காசு. எடை 11 கிலோவைத் தாண்டும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று எங்கள் மதுரைப் பக்கம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கனம் இரண்டு கையிலும் இருந்தது.

ஒரு ராத்திரி ஒருவன் என் பின்னாலேயே கார்க் கதவு வரை வந்தான். ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். அடுத்த மாதம் துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். லைசென்ஸ் வந்தது, துப்பாக்கியும் வாங்கினேன். ஆனால் ஆறு வாரம் அது படுக்கையறைப் பெட்டியிலேயே கிடந்தது. அதைச் செருகிக்கொண்டு வாசற்படி தாண்ட மனம் வரவில்லை. நடக்கும்போது தானே வெடித்துவிடுமோ, பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ, தெரியாமல் சட்டத்தை மீறிவிடுவேனோ என்று ஒரே கலக்கம். இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக வேலை, படிப்பு விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்பது போல ஒருசில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. வீட்டில் ஒருவருக்குக் கிரீன் கார்டு, இன்னொருவருக்கு விசா என்றால், வாங்குவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். தவறினால் இந்த நாட்டில் இருப்பதே கேள்விக்குறியாகிவிடும்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் வகுப்புக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு முதல் ஆறு மணி நேரப் பாடம், ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும்: 3, 7, 15 கஜ தூரத்திலிருந்து. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. மாநிலத்துக்குக் கட்டும் தொகை 40 டாலர். லைசென்ஸ் இருந்தால் வேறு பல மாநிலங்களிலும் செல்லும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்திய சட்டத்திலிருந்தும் விலக்குக் கிடைக்கும். என் மகனின் பள்ளியைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறேன். எனக்கு இந்த ஒன்றுக்காகவே லைசென்ஸ் தேவைப்பட்டது.

எந்தத் துப்பாக்கி என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கையில் பிடித்துச் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெண் என்று பார்த்ததும் கடைக்காரர் ஐந்து தோட்டா போடுகிற குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டினார். பார்க்க அடக்கமாக இருந்தது. சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் அதே மாதிரியை வாடகைக்கு எடுத்து பத்துத் தோட்டா சுட்டதும் உள்ளங்கை எரிந்தது, அடுத்த தோட்டாவுக்கு முன்பே கண் மூடிக்கொண்டது. எடை குறைந்த துப்பாக்கி கையில் அதிகமாக உதைக்கும். கடைசியில் நான் எடுத்தது கிளாக் 43எக்ஸ், 9 எம்எம் தோட்டா, அவற்றை அடுக்கும் மேகசினில் பத்து. நிரப்பினால் 650 கிராம் அளவுக்கு வரும்.

துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுக்க வலு இல்லை என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். நானும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுத்துத் தோற்றேன். இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்து இறுக்கிப் பிடித்து, துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் முன்னோக்கித் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது சுலபம். குழல் மட்டும் எந்த நேரமும் சுடும் திசையை விட்டு விலகக் கூடாது.

துப்பாக்கியைவிட, அதைச் செருகும் உறையான ஹோல்ஸ்டரைத்தான் நான் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். இன்றைய நல்ல துப்பாக்கியில் உட்புறப் பூட்டுகள் உண்டு. விசையை (ட்ரிக்கரை) எதுவும் அழுத்தாதவரை அது வெடிக்காது. ஆகவே விசையை எதுவும் தொடாமல் காப்பதுதான் ஹோல்ஸ்டரின் முதல் வேலை. துணியாலான, தொளதொள உறை வேண்டாம். கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததை வாங்குங்கள். விசைப் பகுதியை முழுக்க மூட வேண்டும். துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் சுருங்காமல் திறந்தே இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழக் கூடாது. இதை மெத்தைமேல் வைத்து, தோட்டா இல்லாத துப்பாக்கியால் சோதித்துப் பாருங்கள். கூடவே வளையாத, விறைப்பான பெல்ட் ஒன்றும் வேண்டும். சாதாரண பெல்ட்டில் துப்பாக்கி வெளிப்பக்கம் சாய்ந்து சட்டைக்குள் முட்டிக்கொண்டு நிற்கும்.

சுடிதாருக்குப் பெல்ட் இல்லையே என்று கேட்பீர்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை கிடைக்கிறது. அதிலும் உள்ளே கெட்டி உறை பொருத்தியதாகப் பாருங்கள். கைப்பை வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் போகும். பையை நாற்காலியில் வைத்துவிட்டு நகர்ந்தால் ஏதோ ஒரு குழந்தை கையை விடும். சேலை கட்டுகிற நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியில் இருக்கும்.

இனி, என் பயத்தைத் தீர்த்த சோதனை. எனக்குப் பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மேகசினை வெளியே எடுங்கள். தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இப்போது ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள். கிளாக்கில் விசை முன்னால் வந்து நிற்கும். அப்படியே ஹோல்ஸ்டரில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டு வேலையைப் பாருங்கள். நான் சமைத்தேன், வீடு பெருக்கினேன், 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையைக் குனிந்து தூக்கினேன், மாடிப்படியில் இறங்கி ஏறினேன். ராத்திரி ஹோல்ஸ்டரோடு கழற்றி, பாதுகாப்பான பக்கம் திருப்பி, உருவிப் பார்த்தேன். விசை யாராலோ எதனாலோ அழுத்தப்பட்டிருந்தால் பின்னால் போய் நின்றிருக்கும். அது முன்னாலேயே இருந்தது. ஏழு நாளும் முன்னாலேயே இருந்தது. எட்டாம் நாள் தோட்டா போட்டு மாட்டிக்கொண்டபோது வயிற்றைப் பிசையவில்லை. வேறு மாதிரித் துப்பாக்கியில் இந்த அடையாளம் மாறும். சுத்தியல் வெளியே தெரிகிற மாடலில் சுத்தியலைப் பார்க்க வேண்டும். உங்கள் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஏழு நாளில் இன்னொன்றும் பிடிபட்டது. வயிற்றுக்கு முன்னால் செருகினால் கார் ஓட்டும்போது அடிவயிற்றைக் குத்தியது. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். அங்கே சரியாக உட்கார்ந்தது. வீட்டுக்குள்ளேயே இதைக் கண்டுபிடித்துக்கொண்டால், வெளியே போய் அடிக்கொருதரம் இடுப்பைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விபத்து உருவும்போது மட்டும் நடப்பதில்லை. திரும்பச் செருகும்போதும் நடக்கிறது. சட்டை ஓரம் உள்ளே மடிந்து விசையில் சிக்கும், அல்லது விரல் வெளியே வந்திருக்காது. அதனால் நான் தோட்டா நிரம்பிய துப்பாக்கியை இடுப்பில் இருக்கும் உறைக்குள் செருகுவதே அபூர்வம். உறைக்குள் இருக்கிற நிலையிலேயே மொத்தமாக எடுத்து மாட்டுகிறேன், மொத்தமாகவே கழற்றுகிறேன். ரேஞ்சில் செருக வேண்டி வந்தால் சட்டையை இடது கையால் நன்றாக மேலே பிடித்து, உறையின் வாயைக் குனிந்து பார்த்து, மெதுவாக.

முதல் வெளிப்பயணமாக மளிகைக் கடைக்குப் போனேன். எல்லோரும் என் இடுப்பையே பார்ப்பது போல இருந்தது. கணவரைப் பின்னால் வரச் சொல்லியிருந்தேன், காருக்கு வந்ததும், "யாரும் பார்க்கல. நீதான் சட்டையை இழுத்து இழுத்து விட்டே" என்றார். தொட்டுப் பார்ப்பதுதான் காட்டிக் கொடுக்கும். ஒரே வெளிர் நிறச் சட்டையைவிடப் பூப்போட்ட, கட்டம் போட்ட துணி மேடு பள்ளத்தை மறைக்கும். கீழ்த்தட்டில் எடுக்க முழங்காலை மடக்குங்கள், இடுப்பை மடக்க வேண்டாம். மேல்தட்டுக்கு இடது கையை நீட்டுங்கள். நான்காவது ஐந்தாவது முறை போனபோது, வாங்க வேண்டியதைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கழிவறைக்குப் போவதைப் பற்றி வகுப்பில் யாரும் விரிவாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் சொல்கிறேன். துப்பாக்கியைத் தண்ணீர்த் தொட்டிமேல் வைக்காதீர்கள், கொக்கியில் மாட்டாதீர்கள். இப்படி வைத்து மறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து உள்ளே வருவது சிறு பிள்ளையாக இருக்கலாம். உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம். உட்காரும்போது பெல்ட்டை முழங்காலுக்கு மேலே தொடையோடு இறுக்கி, பிடி உள்பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள். டெக்சஸில் பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி. சிவப்பில் 51 சதவீதம் என்று எழுதிய பலகை மாட்டிய மதுக்கடை. 30.06 என்கிற எண்ணோடு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் பலகை வைத்த எந்தத் தனியார் இடமும். சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் போன்ற மத்திய அரசுக் கட்டடங்கள். விமான நிலையச் சோதனை வாசலில் 2023இல் மட்டும் அமெரிக்கா முழுக்க 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா இருந்தது. துப்பாக்கி வைத்த பையைப் பயணப் பையாக ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது, பலகை இருக்கிறதா இல்லையா என்று நான் யோசிப்பதே இல்லை, வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். அம்மன் முன்னால் அதோடு நிற்க எனக்கு மனம் ஒப்பாது. வழியில் கழற்றியே ஆக வேண்டும் என்றால், இருக்கைக் காலோடு கம்பியால் பிணைத்த பூட்டுப் பெட்டி காரில் இருக்கிறது. பார்க்கிங்கில் நாலு பேர் பார்க்க அதில் வைக்காதீர்கள். போய்ச் சேரும் முன்பே வைத்துவிடுங்கள்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைப்பேன். அடையாள அட்டை கேட்டால் டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கி லைசென்ஸையும் காட்ட வேண்டும் என்பது இங்குள்ள விதி. "வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று வாயால்தான் சொல்வேன், கையால் காட்ட மாட்டேன். இருமுறை நடந்திருக்கிறது, இரண்டு முறையும் "நீங்கள் அதைத் தொடாதீர்கள், நானும் தொடவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம், தோட்டா இல்லாமல் வீட்டில் பயிற்சி. தோட்டா வேறு அறையில், குறி புத்தக அலமாரியை நோக்கி. சட்டையை விலக்குவது, பிடியைப் பற்றுவது, இவ்வளவுதான். மாதம் ஒருமுறை ரேஞ்சில் 50 தோட்டா. மூன்று கஜத்தில் கை நடுங்காமல் வரும்வரை ஏழுக்குப் போகவில்லை.

அந்த வாளிக்கு வருகிறேன். துப்பாக்கி இடுப்பில், இரண்டு கையும் வாளியில் என்றால் அது எதற்கு? காசை 250 டாலர் பைகளாகப் பிரித்தேன். ஒன்று ஆறு கிலோவுக்குள் அடங்கும். இடது கையில் பை, வலது கையில் சாவி மட்டும். இரண்டு நடை நடப்பேன். அடைக்கும் நேரத்தை ஒன்பதரையாக்கினேன். பார்க்கிங்கில் விளக்குப் போட்டேன். பாதி மெஷின்களில் கார்டு வசதி வைத்த பிறகு காசின் எடையும் பாதியானது. கதவைத் திறக்கும் முன் கண்ணாடி வழியாக இடமும் வலமும் பார்க்கிறேன். ஆள் நின்றால் வெளியே போவதில்லை. துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக இவற்றில் ஒன்றையும் குறைக்கவில்லை.

டிரையர் காசைத் தின்றுவிட்டது என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கத்தினார். முன்பெல்லாம் நானும் பதிலுக்குக் கத்துவேன். இப்போது ஐந்து டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வெறும் வார்த்தைக்குப் பதிலாகக் கைநீட்டுவதையே டெக்சஸ் சட்டம் ஏற்காது. இடுப்பில் இது இருக்கும்போது நான் தொடங்குகிற எந்தச் சண்டையிலும் ஒரு துப்பாக்கி இருக்கும். சொத்தைக் காக்கவும் சில நிலைமைகளில் இந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. நான் அதை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. காசுப் பையைக் கேட்டால் கொடுத்துவிடுவேன். என்னையோ கடைப் பெண்ணையோ கொல்ல வருகிற நேரத்துக்கு மட்டும்தான் அது. இந்தக் கோட்டை வீட்டில் நிதானமாக உட்கார்ந்து வரைந்த பிறகுதான் எனக்குள் நடுக்கம் அடங்கியது. ஒரு கிளாஸ் ஒயின் குடித்தாலும் அன்று அது பெட்டியில்தான்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் தோட்டா நிரம்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் பெற்றவர்கள்மேல் வழக்கு வரும். சட்டத்தை விடுங்கள், அவன் என் பிள்ளை. கழற்றியதும் எண் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து, பேச்சு குறைந்து இருந்தால், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மாத முதல் தேதியில் ஹோல்ஸ்டர் கிளிப்பின் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். நடக்க நடக்க அவை தளரும். குழலுக்குள்ளும் மேகசினுக்குள்ளும் துணிப் பஞ்சு சேரும். என் கடையில் டிரையர் தூசி அதிகம் என்பதால், நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிறேன்.