படம் பார்த்துப் படம் வரைவது எப்படி

மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்திலிருந்து என் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். ஊர் அமிர்தகழி, மட்டக்களப்பு. 1939இல் சினிமா இயக்குநர் பாலு மகேந்திரா பிறந்ததும் இதே ஊரில்தான். நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை பென்சில் பிடிக்கச் சொல்லித் தந்தார். பார்க்கக் கற்றுத் தந்தவை பழைய சினிமாக்கள். சனிக்கிழமைகளில் என்னிடம் வரையப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சினிமா பார்த்து வரையத் தொடங்கும் எல்லோரும் நடிகரின் முகத்தைத்தான் வரைகிறார்கள். அதை விடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கமெரா எந்த உயரத்தில் இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் வளவுக்கு வாருங்கள். மற்றதெல்லாம் உங்கள் ஊரில் இருக்கிறது.

தொடங்குவதற்குக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுங்கள். நிறம் இருந்தால் கண் அதன் பின்னால் போய்விடும். எது இருள், எது ஒளி என்பது பிடிபடாது. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது சத்யஜித் ராய் இயக்கிய பதேர் பாஞ்சாலி (1955). அதற்குக் காரணம் உண்டு. ராய் சினிமாவுக்கு வருமுன் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தார். அந்தப் படத்துக்கு மூலமான நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி அச்சிட்டபோது அதற்குப் படம் வரைந்தவர் அவர்தான். அப்போது வரைந்த சில காட்சிகள் பிறகு சினிமாவுக்குள்ளும் வந்தன. படப்பிடிப்புக்குப் போனபோதும் அவர் கையில் முழுமையான திரைக்கதைப் பிரதி இருக்கவில்லை, சித்திரங்களும் குறிப்புகளும்தான் இருந்தன. ஜப்பானில் அகிரா குரொசாவாவும் இப்படித்தான். இளமையில் ஓவியராக வர ஆசைப்பட்டவர். ககேமுஷா (1980) எடுக்கப் பணம் கிடைக்காமல் காத்திருந்த காலத்தில் காட்சிகளை நிறத்தில் வரைந்து வைத்தார். அவர்கள் தாளிலிருந்து திரைக்குப் போனார்கள். நாங்கள் அதே வழியில் திரும்பி வருகிறோம், அவ்வளவுதான்.

முதல் தடவை பென்சில் இல்லாமல், முழுப் படத்தையும் பாருங்கள். வீட்டில் யாராவது இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். நான் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு வங்காளமும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலமும் வாசிக்க மாட்டார். படத்தில் வரும் முதிய மாமி சோறு சாப்பிடும் இடத்தில் அம்மா சொன்னார்: "இந்தக் கிழவி சாப்பிடுறது நம்மட அம்மம்மா மாதிரியே இருக்கு." அன்றிரவு நான் வரைந்தது அம்மம்மாவின் விரல்களை. அவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அதுவரை அவரை ஒருநாளும் வரைய எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இப்போது பென்சில் வேண்டும். அதற்கு முன் ஒரு மட்டைச் சட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். பழைய கொப்பி அட்டை போதும். பழைய படங்களின் சட்டம் ஏறக்குறையச் சதுரத்துக்குக் கிட்ட வரும்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. உயரத்தை 6 சென்ரிமீற்றராக வைத்தால் அகலம் 8.2. பிற்காலத்தில் வந்த அகலத்திரைப் படங்களுக்கு 1.85, அதாவது 11.1 சென்ரிமீற்றர். இன்னும் நீளமான 2.39 சட்டத்துக்கு 14.3. மூன்றையும் வெட்டி வையுங்கள். மட்டையைத் தாளில் வைத்து ஓரமாகக் கோடு இழுத்தால் பெட்டி தயார். வெளியே போகும்போது அதே மட்டையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்சியைப் பிடிக்கலாம். கல்லடிப் பாலத்தில் நின்று 2.39 மட்டைக்குள்ளால் வாவியைப் பாருங்கள். தோணி எங்கே இருக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு படத்துக்குப் பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், ஃபோனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தொனி மட்டும்: கறுப்பு, சாம்பல், தாளின் வெள்ளை. 4பி பென்சிலின் பக்கவாட்டால் தேயுங்கள், கூர்நுனியைத் தொடாதீர்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சின்ன விஷயங்கள் மறைந்து பெரிய இருட்டுகள் மட்டும் மிஞ்சும். அதைத்தான் வரையவேண்டும். கண், மூக்கு, வாய் எதுவும் வேண்டாம். இரண்டு நிமிடம் போதாது என்று பிள்ளைகள் எல்லோரும் முறையிடுவார்கள். போதாமல்தான் இருக்கவேண்டும். நேரம் கூடினால் இமைமயிர் வரையத் தொடங்கிவிடுவோம். பெட்டியின் மூலையில் வெளிச்சம் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

அப்புறம் கமெரா உயரம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவின் டோக்கியோ ஸ்டோரியை (1953) எடுங்கள். வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் கமெரா பெரும்பாலும் தாழ, தரையில் பாய் விரித்து இருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே இருக்கும். எனக்கு இது விளங்கியது சினிமாவில் அல்ல, எங்கள் குசினியில். அம்மா நிலத்தில் இருந்து தேங்காய் துருவுவதைப் பல வருடமாக நின்றபடி வரைந்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா தாளில் சின்னதாகி, தலையும் முதுகுமாகச் சுருங்கிப் போய்விடுவார். ஒருநாள் நானும் நிலத்தில் இருந்து, கொப்பியை முழங்காலில் வைத்து வரைந்தேன். துருவுபலகையில் இருக்கும் அம்மா சட்டம் முழுக்க நிறைந்தார். பின்னால் இருந்த அடுப்பு அவர் தோளுக்குக் கீழே போனது. எங்கள் வீடுகளில் பாதி வேலை நிலத்தில்தான் நடக்கிறது: மீன் வெட்டுவது, வலை பொத்துவது, மா அரிப்பது. நிலத்தில் வேலை செய்பவரை வரைய நீங்களும் நிலத்தில் இருங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி வெளிச்சம். இதில்தான் அதிக நாள் செலவழிக்கவேண்டும்.

பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். வீடு (1988) படத்தை இயக்கியதும், ஒளிப்பதிவு செய்ததும், வெட்டித் தொகுத்ததும் அவரேதான். யன்னலாலும் கதவாலும் வரும் வெளிச்சம் ஓர் அறையில் எங்கே போய் முடிகிறது என்று கற்க அதைவிட நல்ல தமிழ்ப் படம் எனக்குத் தெரியாது. அறையின் ஒரு மூலை இருட்டாகவே இருக்கும், அவர் அதை அப்படியே விட்டுவிடுவார். நாங்கள் வரைபவர்கள் மூலை முடுக்கெல்லாம் தெரியவேண்டும் என்று எல்லா இடத்தையும் வெளுப்பாக்கிவிடுகிறோம். அந்தப் படத்திலிருந்து வீட்டுக்குள் எடுத்த பன்னிரண்டு காட்சிகளை மட்டும் வரைந்து பாருங்கள், மூலையை இருட்டாக விடக் கை பழகிவிடும்.

அடுத்தது ராயின் அபராஜிதோ (1956). காசியில் இருக்கும் வீட்டின் உள்முற்றம். திறந்தவெளியில் கட்ட நினைத்து, மழைக்குப் பயந்து கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். மேலே வானம் கிடையாது. ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழே வைத்துத் துணியை நோக்கி அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் திறந்த வானத்திலிருந்து வருவதுபோலப் பரவி இறங்கியது. எதிலும் கூரான நிழல் விழவில்லை.

இதைப் படித்த பிறகு எங்கள் மாரி காலத்தை நான் வேறுமாதிரிப் பார்க்கிறேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மட்டக்களப்பு வானம் முழுக்கக் கட்டிய வெள்ளைத் துணிதான். முகம் வரைய அதைவிட நல்ல காலம் இல்லை. கன்னத்திலிருந்து கழுத்துக்குத் தொனி மெல்ல மெல்ல மாறும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, வீசும் மாதங்களில் நேர் எதிர்: உச்சிவெயிலில் கண்குழி கறுத்து, மூக்கு நிழல் வாயில் விழும். அந்த நேரத்தில் ஆளை விட்டு மதிலையும், ஓலை வேலியையும், சைக்கிள் நிழலையும் வரையுங்கள். கல்லடிக் கடற்கரையில் காலை ஆறரைக்கு வெயில் கடலிலிருந்து சாய்ந்து வரும்; மணலில் பட்டு மேலெழும் வெளிச்சத்தில் நாடிக்குக் கீழேகூடப் பளிச்சென்று தெரியும். அதே நாள் பின்னேரம் பாலத்துக்கு வந்தால் சூரியன் வாவிக்கு அப்பால் இறங்கும். எதிரே வருபவர்கள் எல்லோரும் கறுப்பு உருவங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர் என்பதால் ஒரே நாளில் இரண்டும் கிடைக்கிறது.

பயிற்சி இதுதான். வீட்டில் ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள், எனக்குக் குசினி வாசல். அதே இடத்தைக் காலை ஆறரை, நண்பகல், பின்னேரம் நாலரை, இரவு மின்குமிழ் வெளிச்சம் என நான்கு தடவை மூன்று தொனியில் வரையுங்கள். ஐந்தாவதாக, யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு இன்னொரு தடவை. இருட்டுப் பக்கம் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

இரவுக் காட்சிக்கு வேறு முறை. தாள் முழுவதையும் கரியால் பூசிவிட்டு, அழிறப்பரால் வெளிச்சத்தை எடுங்கள். வாவியில் விளக்கோடு இறால் பிடிக்கும் தோணிகளை நான் அப்படித்தான் வரைகிறேன். விளக்கு, ஒரு முழங்கை, தண்ணீரில் ஒரு கீறல், அதோடு நிறுத்திவிடுவேன். ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமா அதைப் பார்த்துவிட்டு, "முழங்கை என்ட தம்பிட, மகள்" என்றார். முகமே இல்லாத படத்தில் அவர் ஆளை அடையாளம் பிடித்தார்.

புத்தகத்துக்கு வரைபவர்களுக்கு இன்னும் ஒன்று. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' (1987) என்ற படம். கியரொஸ்தமியும் ஓவியம் படித்து, சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தவர். நண்பனின் கொப்பியைக் கொடுக்க ஒரு பையன் அடுத்த ஊருக்கு ஓடுகிறான். குன்றில் வளைந்து வளைந்து ஏறும் பாதை, அதில் ஒரு புள்ளியாகப் பையன். அந்தப் பாதை படத்துக்காகவே போடப்பட்டது.

அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றுப் பக்கத்து வயலில் காவல் இருக்கும் தாத்தாவுக்குப் பேரன் சோறு கொண்டுபோகும் கதை ஒன்றுக்கு நான் வரைந்தேன். முதல் வரைவில் எல்லாப் பக்கத்திலும் பையனின் முகம் பெரிதாக இருந்தது. அக்காவின் மகளுக்குக் காட்டினேன், அவளுக்கு ஐந்து வயது. "சின்னம்மா, இவன் எங்க போறான்?" என்று கேட்டாள். சரி, அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பஸ் ஏறிப் போய் வரம்பில் இரண்டு நாள் நடந்தேன். திரும்பி வந்து மூன்று பக்கங்களில் முகத்தை எடுத்துவிட்டு, விரிந்த வயலையும் வரம்பையும் போட்டு, பையனை நகத்தளவுக்குச் சின்னதாக்கினேன். தாத்தாவின் வாடி, அதாவது காவல் குடிசை, தூரத்தில் ஒரு முக்கோணம். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்த இரண்டு கைகள். தூரத்திலிருந்து ஒரேயடியாகக் கிட்டப் போகும் அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பும் கைதான் சினிமாவில் காட்சியை வெட்டும் கத்தரிக்கோல்.

இதற்கு ஒரே தாளில் முழுப் புத்தகத்தையும் பார்க்கவேண்டும். அச்சுத் தாள் ஒன்றை மூன்று முறை மடித்தால் 16 பக்கம் வரும். 16 சின்னப் பெட்டி போட்டு, ஒவ்வொன்றிலும் தூரமா, நடுத்தரமா, கிட்டவா என்று மட்டும் குறியுங்கள். தொடர்ந்து நான்கு பெட்டி 'கிட்ட' என்று வந்தால் எதையாவது மாற்றுங்கள்.

பன்னிரண்டு பெட்டி கொப்பி உங்கள் படிப்புக்கு மட்டும். ஒருமுறை ஒருவர் ஒரு படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து, முகத்தை மட்டும் மாற்றி அட்டைப்படமாக வரைந்து தரச் சொன்னார். அந்த மாதம் எனக்குக் காசு தேவையாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டேன். அந்தச் சட்டத்தை வைத்தவரின் உழைப்பு அது.

கடைசியாக அச்சு. இருட்டை நேசிக்கத் தொடங்கியதும் இது நடக்கும். என் ஒரு புத்தகத்தில் இரவுப் பக்கங்கள் மூன்றும் தார் பூசியதுபோல வந்தன. சாம்பல் எல்லாம் கறுப்பாகிவிட்டது. லாப்டொப் திரை தனக்குள்ளிருந்து வெளிச்சம் விடும், தாளுக்கு அது இல்லை. சாதாரணத் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடும், தொனி இன்னும் ஒரு படி கறுக்கும். இப்போது திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் வேலை செய்கிறேன். இருட்டான பக்கம் ஒன்றை முதலில் முடித்து, புத்தகம் அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்கிறேன். அதைக் காலையில் குசினி வாசலில் வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். மூன்று தொனியும் பிரிந்து தெரிந்தால்தான் மற்றப் பக்கங்களில் கை வைப்பேன்.