வேடந்தாங்கலுக்குக் கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்

2017 ஜனவரி. மெல்போர்னிலிருந்து வந்திருந்த நாங்கள் நாலு பேர், மதுராந்தகத்துச் சித்தப்பா வீட்டிலிருந்து ஒன்பது பேர், ஒரு வேன், இரண்டு தூக்குச் சட்டி நிறையப் புளியோதரை. வேடந்தாங்கல் கரையேறிப் பார்த்தால் ஏரி பொட்டலாகக் கிடந்தது. வெடித்த மண், மரக்கிளைகளில் பழைய கூடுகளின் குச்சிகள், எங்கோ ஒரு மைனா. முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதையும் இதையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி இல்லாத ஏரிக்குக் கொக்கு எதுக்குடா வரும்?" இதை அவர் வீட்டிலேயே சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஒழுங்காக விசாரித்துவிட்டுப் போனோம், இரண்டு முறையும் ஏமாறவில்லை. லீவுக்கு ஊருக்கு வந்து, பிள்ளைகளை மால், மாமல்லபுரம், மாமா வீடு தவிர வேறு எங்காவது கூட்டிப்போக நினைக்கும் குடும்பங்களுக்காக அந்த அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

எப்போது போவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்ப வேண்டும். நிரம்பினால் நவம்பரிலிருந்து பறவைகள் கூடுகட்ட ஆரம்பிக்கும். கிறிஸ்துமஸ் லீவில் வருகிறவர்களுக்குக் கூடும் அடைகாப்பும் தெரியும், பொங்கலையொட்டி வருகிறவர்களுக்குக் குஞ்சுகளும் தெரியும். மார்ச் வரை நம்பிப் போகலாம். லண்டன், டொராண்டோ பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும் என்பதால் டிசம்பர் கடைசி வாரம்தான் வாய்க்கும். ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு ஜனவரி கடைசி வரை கோடை விடுமுறை. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வருகிறீர்களா? வேடந்தாங்கலை விட்டுவிடுங்கள். போனால் மரமும் பெயர்ப்பலகையும்தான். சென்னைக்குள்ளேயே பள்ளிக்கரணைச் சதுப்பில் தாழைக்கோழி, நீர்க்கோழி மாதிரி உள்ளூர்ப் பறவைகள் இருக்கும். காலையில் ஒரு மணி நேரம் அங்கே ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம்.

தண்ணீரை எப்படித் தெரிந்துகொள்வது? செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு போன் போதும். இல்லாவிட்டால் ஈபேர்ட் தளத்தில் வேடந்தாங்கல் என்று தேடி, கடந்த ஒரு வாரத்தில் பறவை பார்த்தவர்கள் பதிந்த பட்டியலைப் பாருங்கள். நாரைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி நேரம். சரணாலயம் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். நடுப்பகலில் போகாதீர்கள். பெரிய பறவைகள் பாதி இரைதேடப் போயிருக்கும், மீதி வெயிலில் தூங்கும். காலையா மாலையா என்பதை உங்கள் ஜெட்லாக்கே முடிவு செய்யட்டும். மெல்போர்ன், சிட்னி, டொராண்டோ பிள்ளைகள் வந்த முதல் நாலைந்து நாள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பார்கள். அவர்களை அப்படியே வண்டியில் ஏற்றிவிடுங்கள். லண்டன், பாரிஸ் பிள்ளைகளைக் காலையில் எழுப்புவது மகா பாவம். அவர்களை மூன்றரை மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், கூட்டம் கூட்டமாகப் பறவைகள் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

போகும் வழி

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம், பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே போகும் ரோடு. இந்த வயல்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், காரணம் பின்னால் வருகிறது. பஸ்ஸில் போவதானால் செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ பஸ். ஆனால் வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட இருந்தால் வாடகைக் காரே மேல்.

பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளும் ஜிஎஸ்டி ரோட்டைத் தொடாதீர்கள். சென்னையே காலியாகித் தெற்கே போகும். காணும் பொங்கலன்று சரணாலயத்தில் பறவைகளைவிட மனிதர்கள் அதிகம். எந்த வாரம் என்றாலும் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நடுநாள் பார்த்துப் போவது நல்லது.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள். தேசியப் பூங்கா, சரணாலய நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் ஒரே தொகைதான். டிரோன் வேண்டவே வேண்டாம். பைனாகுலர் உங்களுடையது இருந்தால் கொண்டுவாருங்கள். வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் பல கை பட்டுத் தேய்ந்தது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டை ஜிஎஸ்டி ரோட்டு ஓட்டல்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்கும் அங்கேயே போய்விடுங்கள். கொசு மருந்து, தொப்பி, தண்ணீர் அவசியம். சிவப்பு, ஆரஞ்சுச் சட்டை வேண்டாம். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாற்றம் அடிக்கும். ஆயிரக்கணக்கான பறவைகள் மீன் தின்று எச்சமிடும் இடம். எங்கள் சின்னவள் முதல் ஐந்து நிமிஷம் மூக்கைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் மறந்துவிட்டாள்.

கரையில் நின்று பார்க்க வேண்டியவை

ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றாலே சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அந்த வகைப் பெயர்கள்தான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கரையில் மர நிழலில் நடந்தபடியே பார்க்கலாம். பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறினால் மொத்த ஏரியும் தெரியும்.

ஏறியதும் எல்லாவற்றையும் பார்த்துவிட அலையாதீர்கள். ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து இருபது நிமிஷம் பாருங்கள். எங்கள் மரத்தில் மேல்கிளையில் சங்குவளை நாரை, நடுவில் நத்தைகுத்தி நாரை, கீழே நீர்க்காகம். நத்தைகுத்தியின் அலகை மூடியிருக்கும்போது பைனாகுலரில் பாருங்கள், நடுவில் இடைவெளி விட்டுச் சரியாகச் சேராத இடுக்கி மாதிரி இருக்கும். அந்த அலகால்தான் நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே. மேலே வந்ததும் இறக்கையை விரித்துக் கொடியில் காயப்போட்ட வேட்டி போல உட்காரும். அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும், அதனால் காயவைத்தே ஆக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிப்பதையும் கவனியுங்கள். கூழைக்கடாவின் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை நுழைத்து மீன் எடுப்பதைப் பார்த்துவிட்டு, மகன் இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் அதையே நடித்துக் காட்டினான்.

மாலையில் போகிறவர்கள் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். பகல் பறவைகள் வந்து அடையும் நேரத்தில்தான் வக்கா கிளம்பும். இரவு வேட்டைக்காரன் அது, கரகரவென்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டே போகும்.

இங்கே யாராவது ஒருவர் கூழைக்கடா ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, சங்குவளை நாரை சைபீரியாவிலிருந்து வருகிறது என்று சொல்வார். நாங்கள் போனபோதும் சொன்னார்கள். மெல்போர்ன் பிள்ளைகள் இரண்டும் பரவசமாகி, நம்ம பிளேன் பக்கத்திலேயா பறந்து வந்துச்சு என்று கேட்டார்கள். உண்மை என்னவென்றால், இங்கே கூடுகட்டும் நாரையும் கூழைக்கடாவும் நம் தெற்காசியப் பறவைகளே. தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து இடம் மாறுகிறவை. தொலைவிலிருந்து வருவது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் மாதிரி ஆட்கள். அவை குளிருக்குத் தப்பி வந்துவிட்டுத் திரும்பிப் போகும், இங்கே கூடுகட்டுவதில்லை. வாத்துகளை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே, சுமார் 10 கி.மீ.யில் இருக்கும் கரிக்கிலிக்குப் போங்கள். கூட்டமே இருக்காது. கரிக்கிலி, வேடந்தாங்கல் இரண்டுமே 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

ஊர்க்காரர்களும் பிளேஸ் துரையும்

வனத்துறை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பறவைகளைக் காத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதும் அவர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள் என்றும், 1798இல் அவர் கவுல், அதாவது பாதுகாப்பு உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தார்கள். 1936இல் அரசு இதைச் சரணாலயம் ஆக்கியது. அன்பினால் மட்டும் காத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கணக்கும் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்குத் தனியாக உரம் அதிகம் போட வேண்டியதில்லை. வழியில் வயல்களைக் காட்டச் சொன்னது இதற்குத்தான். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. 2020இல் சரணாலயத்தைச் சுற்றியுள்ள 5 கி.மீ. எல்லையைக் குறைக்க யோசனை வந்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது.

இதே பிளேஸ் துரை மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையிலும் வருகிறார். மழையில் ஏரி உடையும் நிலையில் இருந்த இரவு, கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்தாராம். ஏரி தப்பியதும் தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார் என்பது கதை. அவர் பெயர் பொறித்த கல்வெட்டை இன்றும் கோயிலில் காட்டுவார்கள். கொக்கு பார்க்க எதுக்கு நாங்க என்று முனகும் பாட்டிமார்களை வண்டியில் ஏற்ற இந்தக் கோயில் ஒன்று போதும். காலையில் பறவை, நடை சாத்துவதற்கு முன் ராமர், சித்தப்பா வீட்டில் சாப்பாடு என்று எங்கள் திட்டம் கச்சிதமாக ஓடியது.

பொங்கலில் ஒரு பறவைத் திருவிழா

பொங்கலுக்கு ஊரில் இருக்கிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பொங்கலன்று தொடங்கி நாலு நாள். சரணாலயத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. மொட்டை மாடி, கோயில் குளம், ஊர் ஏரி, எங்கே வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவை, எத்தனை என்று எழுதி ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். காகத்தையும் எண்ணத்தான் வேண்டும். அதை விட்டால் கணக்கு தப்பு.

எங்கள் வீட்டில் இதை மாட்டுப் பொங்கலன்று காலையில் செய்தோம். பிள்ளைகள் கையில் மெர்லின் செயலி, அது குரலைக் கேட்டு இங்கிலீஷில் பெயர் சொல்லும். ஆயாவுக்குச் செயலி தேவைப்படவில்லை. "அது கரிச்சான், அந்த வேலியில செம்போத்து, இப்பக் கத்துச்சே அது ஆள்காட்டி" என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே அடுக்கினாள். வீடியோ காலில் வருஷம் முழுக்கச் சாப்பிட்டியா என்பதைத் தாண்டாத ஆயாவும் பிள்ளைகளும் அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பட்டியலில் 23 இனம் வந்தது. தவிட்டுக்குருவிகளை எண்ணுவதில் மட்டும் சண்டை. அவை ஒரு இடத்தில் நின்றால்தானே.

தனியாகத் தெரியாத்தனமாக நிற்பதைவிட விவரம் தெரிந்தவரோடு போக விரும்பினால், 1978 முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் களப் பயணங்கள் பற்றி விசாரியுங்கள். டிக்கெட் போடும்போதே கேட்டு வைப்பது நல்லது, வந்து இறங்கிய பிறகு கல்யாணமும் காதுகுத்தும் உங்கள் நாட்களைத் தின்றுவிடும். தனியாகவே போனாலும் சரணாலயத்தில் இருக்கும் காவலரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மரத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கரண்டிவாயன் கூட்டைக் காட்டியது அப்படிப்பட்ட ஒருவர்தான். பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, திரும்பத் தர ரொம்ப நேரம் ஆனது.