மழையிலும் மார்கழியிலும் சைக்கிள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோவையில் ஐப்பசி மழை பிடித்ததும் பாதிப் பேர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். புதிதாக வந்தவர்கள்தான் விடாமல் ஓட்டுகிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஹெல்மெட், குழி பார்த்து ஓட்டுவது எல்லாம் யாவரும் அறிந்தது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாட்டர் சர்வீஸில் கழுவுவது

சிறுவாணி ரோட்டில் மழையில் போய் வந்தால் சைக்கிள் முழுக்கச் சேறுதான். வழியில் வாட்டர் சர்வீஸ் கண்ணில் படும். பைக்குகளோடு சைக்கிளையும் நிறுத்தி, பம்ப் வைத்து அடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். வெளியே பளபளப்பாகிவிடும். உள்ளே கெடுவது தெரியாது.

சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப், பெடல் சுற்றும் நடு அச்சு, ஹேண்டில் திரும்பும் கழுத்து, மூன்றிலும் பேரிங் இருக்கிறது. அவற்றை மூடியுள்ள ரப்பர் சீல் மழையையும் சாரலையும் தாங்கும். கிட்டே பிடித்து அடிக்கும் பம்ப் தண்ணீரைத் தாங்காது. தண்ணீர் உள்ளே புகுந்தால் கிரீஸ் வெளுத்துப் போகும், அப்புறம் துரு. சில வாரங்களில் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். அதற்குள் பேரிங் போயிருக்கும்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அதற்கு அடுத்த வேலையில். கழுவி முடித்ததும், பைக்குக்கு அடிக்கிற பழக்கத்தில், டீசல் கலந்த ஆயிலைச் சைக்கிள் மேலும் ஸ்பிரே அடித்து அனுப்புகிறார்கள். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி புது டிஸ்க் பிரேக் சைக்கிளை இப்படிக் கழுவி வாங்கினார். சமதளத்தில் கீச்சென்று சத்தம் போட்டாலும் பிரேக் ஓரளவு பிடித்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு கோத்தகிரி ஏறிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பாதி வழியிலிருந்து போன் வந்தது: “அண்ணா, லீவரை முழுசா அமுக்கியும் நிக்க மாட்டேங்குதுங்ண்ணா.” வளைவில் மண்மேட்டில் மோதித்தான் நிறுத்தியிருக்கிறார். முழங்கை கிழிந்ததோடு போயிற்று. அந்தப் பக்கம் பள்ளமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

டிஸ்க்கில் படிந்த எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துவிடலாம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். அந்தத் தம்பிக்கு இரண்டு ஜோடி பேடும் நடு அச்சு பேரிங்கும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. சக்கர வளையத்தையே பிடிக்கும் ரிம் பிரேக் வைத்திருப்பவர்களும் தப்ப முடியாது. ரிம்மில் டீசல் பட்டாலும் இதே கதி. செயினுக்கும் டீசல் நல்லதல்ல. கண்ணிகளுக்குள் இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும்.

ஒரு பக்கெட் தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட், திருப்பூர் பனியன் வேஸ்ட் இரண்டு கைப்பிடி. இவ்வளவு போதும். மக்கால் ஊற்றிக் கழுவி, செயினைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்கள். கொஞ்சம் சுற்றிவிட்டு வெளியே இருப்பதைத் துடைத்தெடுங்கள். டிஸ்க் பக்கம் எந்த ஸ்பிரேயும் வேண்டாம்.

பழைய நேரத்துக்கே கிளம்புவது

ஆனியில் ஆறு மணிக்கு விடியும் கோவையில், தை மாதம் சூரியன் வர ஆறே முக்கால் ஆகிவிடும். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருட்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பனிமூட்டமும் சேரும். முன்னும் பின்னும் லைட் இல்லாமல் வராதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டில் சாலையோரமாகவே நடப்பார்கள். தாராபுரம், உடுமலை ரோடுகளில் அந்த வாரங்களில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அவர்கள் மேல் மோதினால் தவறு நம்முடையது.

ரோட்டில் காயும் கொள்ளுச்செடி மேல் ஏறுவது

வழுக்கும். கியரில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

வியர்வையோடு மலையிறங்குவது

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் குறையும் என்று வைத்தாலும் மேலே ஒன்பது டிகிரி குளிர் கூடுதல். ஏறும்போது நனைந்த பனியனோடு இறங்கினால் உடம்பு நடுங்கும், விரல் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. ஸ்வெட்டர் தேவையில்லை. காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் பையில் இருக்கட்டும். ஜாக்கெட் இல்லாத அன்று, மேலே டீக்கடையில் ஒரு நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சுப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொங்கும் ரெயின்கோட்

சக்கரத்தில் மாட்டும். வேண்டாம்.

காற்றைப் பார்க்காமல் வாளையார் போவது

கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். கோவையிலிருந்து வாளையாருக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். வேகத்தைத் தன் கால்பலம் என்று நம்பி மேலும் தூரம் போய்விடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு அவ்வளவு தூரமும் எதிர்காற்றில் திரும்ப வேண்டும். இந்த மாதங்களில் காலையில் முதலில் கிழக்கே சூலூர்ப் பக்கம் மிதியுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே வீடுவரை தள்ளிவிடும்.