லேப் டெக்னீஷியன் ஆக வேதியியல் படிக்கிறீர்களா? முதல் நாளிலிருந்தே குறிப்பேட்டைக் கையில் எடுங்கள்

பள்ளி முடித்த பிறகு பத்து வருடம் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட வேதியியல் படிப்பில் சேர்ந்தேன். இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும் என் பொறுப்புதான். அவர்களில் பலருக்குத் தியரியில் நல்ல மதிப்பெண் இருக்கும், ஆனால் பிப்பெட்டை, அதாவது திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயை, பிடித்தால் கை நடுங்கும். செய்முறை வகுப்பை ஒப்பேற்றிவிட்டு வந்ததுதான் காரணம். இந்த வேலைக்கு அந்த வகுப்புதான் உண்மையான படிப்பு.

சேருவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். லேப் டெக்னீஷியன் என்றதும் பலருக்கு ரத்தப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். அது வேறு பாதை. அதற்கென்று தனிப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு, பல இடங்களில் உரிமமும் வேண்டும். வேதியியல் படித்தவர்கள் போவது தண்ணீர், மருந்து, உணவு, பெயின்ட், உரம் போன்றவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கு. உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை, கருவிகளை மாணவர்களே இயக்குவார்களா அல்லது ஆசிரியர் இயக்குவதைச் சுற்றி நின்று பார்ப்பார்களா, வெளி ஆய்வகத்தில் பயிற்சிக்கு அனுப்புவார்களா, பின்னால் பட்டப்படிப்புக்குப் போனால் இந்தப் பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? இந்த நான்கையும் நேரில் போய்க் கேளுங்கள். பாடங்களில் பகுப்பாய்வு வேதியியல் (ஒரு பொருளில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவது) கட்டாயம் இருக்க வேண்டும். அன்றாட வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பற்றிப் பயம் வேண்டாம். விகிதம், அலகு மாற்றம், மடக்கை, நேர்கோட்டு வரைபடம் ஆகியவை தெரிந்தால் போதும். ஆனால் அவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மோலார் என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறது என்று சொல்லும் செறிவு அளவு. 12 மோலார் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 8.3 மி.லி. எடுக்க வேண்டும். இதைத் தினம் ஒரு கணக்காகப் போட்டுப் பழகுங்கள். கையில் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

இனி தரம்பார்த்தல், அதாவது அளவு தெரிந்த ஒரு பொருளோடு வினைபுரிய விட்டு ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது கைவந்தால் பாதி வேலை கைவந்த மாதிரி. சோடியம் ஹைட்ராக்சைடை 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டரில் கரைத்தால் 0.1 மோலார் என்று புத்தகக் கணக்கு சொல்லும். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அந்த எண்ணை நம்ப முடியாது. அதனால் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆற வைத்து, அரை கிராம் அளவுக்கு நான்கு தசம இடம் வரை எடை போட்டு, அதை வைத்துத் தரம்பார்க்கிறோம். அதன் மூலக்கூறு எடை 204.22. அரை கிராமுக்கு ஏறக்குறைய 24.5 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் செலவாகும். இது முன்பே தெரிந்தால் 22 வரை தாராளமாக விட்டுவிட்டு, பிறகு துளித் துளியாகப் போகலாம். நிறம் மாறி முடிவைக் காட்டும் பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு, குடுவையைச் சுழற்றிய பிறகும் அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவுநிலை. அடர்ந்த ரோஜா நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள். கரைசலை அளந்து விடும் குழாயான பியூரெட்டில் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில்தான் இருக்கும், ஆனால் பிறைத்தளத்தின் (திரவத்தின் வளைந்த மேல்மட்டம்) அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் பார்த்து 0.01 வரை மதிப்பிட்டு எழுத வேண்டும். 24.5 என்று எழுதாதீர்கள். 24.50 என்று எழுதுங்கள்.

முதல் பருவத்தில் இதைச் செய்தபோது எனக்கு 0.1002, 0.1003, 0.1013 மோலார் என்று மூன்று விடை வந்தது. மூன்றாவதை அழித்துவிட்டு இன்னொரு முறை செய்யலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். ஆசிரியை தடுத்துவிட்டு என் குறிப்பேட்டைப் படித்தார். மூன்றாவது முறைக்கு முன் ‘புனல் வைத்து பியூரெட்டை நிரப்பினேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். புனலை எடுத்தீர்களா என்று கேட்டார். நான் எடுக்கவில்லை. புனலில் ஒட்டியிருந்த நான்கைந்து துளிகள் நடுவில் உள்ளே விழுந்து மட்டத்தை உயர்த்தியிருக்கின்றன. செலவான அளவு குறைவாகத் தெரிந்ததால் செறிவு கூடுதலாக வந்திருக்கிறது. அந்த எண்ணை அழிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுதி, கணக்கில் சேர்க்காமல் விட்டோம். அந்த ஒரு வரி இல்லையென்றால் காரணமே தெரிந்திருக்காது.

ஆகவே குறிப்பேடு. பக்க எண் போட்ட, தைத்த நோட்டு வாங்குங்கள். பேனாவில் எழுதுங்கள். தவறு வந்தால் அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை, துண்டுச் சீட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொள்வது எதுவும் கூடாது. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையும், பதிவைத் திருத்தினால் பழைய பதிவு என்ன என்று பார்க்க முடிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. கல்லூரியிலேயே பழகிவிட்டால் வேலையில் புதிதாகக் கற்க வேண்டியிருக்காது.

பிப்பெட் பழக நல்ல வழி தராசுதான். 10 மி.லி. தண்ணீரை எடுத்து, எடை பார்த்த குடுவையில் விட்டு மறுபடி எடை போடுங்கள். 20 டிகிரியில் 9.97 கிராமை ஒட்டி வர வேண்டும். பத்து முறை செய்து எண்களை எழுதிப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் வரை விடாதீர்கள். குமிழ் வடிவ பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

கருவிகளில், கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரில் இரும்பு பார்க்க, பெனாந்த்ரோலினுடன் ஆரஞ்சு நிறம் வரவைத்து 510 நானோமீட்டரில் அளப்போம். லிட்டருக்கு 1, 2, 3, 4 மி.கி. என்று நான்கு திட்டக் கரைசல் (செறிவு தெரிந்த கரைசல்) செய்து, செறிவுக்கு எதிராக ஒளி உறிஞ்சலைக் குறித்துக் கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் நேர்த்தியே உங்கள் கையின் நேர்த்தியைச் சொல்லிவிடும். மாதிரியின் அளவு கடைசிப் புள்ளியைத் தாண்டினால் கோட்டை நீட்டாதீர்கள். மாதிரியை நீர்க்கச் செய்து திரும்ப அளவிடுங்கள். பிஎச் மீட்டரை 4, 7, 10 தாங்கல் கரைசல்களில் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்கள்) சரிபார்க்காமல் தொடாதீர்கள். மற்ற கருவிகளை வேலையில் சேர்ந்த பிறகும் பழகிக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் ஒரு பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். எந்த வேதிப்பொருளைத் திறப்பதற்கு முன்பும் அதன் பாதுகாப்புத் தாளை எடுங்கள். அதில் 16 பகுதிகள் உண்டு. 4ஆவது முதலுதவி, 8ஆவது கையுறை, கண்ணாடி முதலானவை. இந்த இரண்டையும் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். கழிவில், நைட்ரிக் அமிலம் போகும் புட்டியில் ஆல்கஹாலோ அசிட்டோனோ போகவே கூடாது, புட்டி வெடித்துவிடும். கண்ணில் ஏதாவது தெறித்தால் வேறெதையும் யோசிக்காமல் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண் கழுவும் குழாய் எங்கே என்று முதல் நாளே நடந்து போய்ப் பார்த்து வையுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் போங்கள். என்னிடம் செய்முறையில் என்ன தவறு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். புனல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பிறகு ஒரு கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள். கணக்கை முதலில் எழுதி, தராசின் மட்டக் குமிழைப் பார்த்து, புட்டியில் பெயர், செறிவு, தேதி எழுதி ஒட்டிவிட்டுத்தான் கரைசலை ஊற்றினேன்.