பேட்ச் பால் மில்லில் கலவை அரைபடாத சிக்கல்: என் அனுபவம்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் ஓடுவது பேட்ச் பால் மில் (ball mill), அதாவது உள்ளே கடினமான உருண்டைகளோடு சுழன்று, ஒரு தடவைக்கு ஒரு ஈடு கலவையை அரைக்கும் டிரம். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் எடை போட்டு, தண்ணீரும், கலவையை இளக்கமாக வைக்கும் சோடியம் சிலிகேட்டும் ஊற்றி மூடினால் அரைபட்டு முடிந்த பிறகுதான் திறப்போம். இந்தக் கோடையில் வழக்கமான நேரம் ஓடியும் 200 மெஷ் என்ற மிக நுண்ணிய சல்லடையில் குவார்ட்ஸ் கொரகொரவென்று தங்கியது.

கூடுதல் நேரம் ஓட்டினோம். டிரம் சூடானதுதான் மிச்சம். அலுமினா உருண்டைகள் தேயவில்லை, பாதி டிரம்முக்குச் சரியாகவே இருந்தன. பெல்ட்டும் வழுக்கவில்லை. தண்ணீரைக் கூட்டியதும் கலவை இளகியது, ஆனால் அச்சில் ஊற்றிய பொருள் காயும்போது விரிசல் விட்டது.

துப்பு கொடுத்தது சத்தம். நன்றாக அரைக்கும் மில்லில் உருண்டைகள் விழுவது கலகலவென்று கேட்கும். இப்போது பொத்பொத்தென்று அமுங்கிக் கேட்டது. திறந்தால் ஒவ்வொரு உருண்டையிலும் கலவை தயிர் போலத் தடிமனாக அப்பியிருந்தது. அப்படி அப்பினால் அடியின் வேகம் அதிலேயே செத்துவிடும்.

அப்புறம் இரண்டு ஜாடியில் அதே அளவு கலவையைப் போட்டு, ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். போர் தண்ணீரில் கெட்டியானது. மற்றது பால் போல ஓடியது. கோடையில் போர் தண்ணீர் கடினமாகியிருந்தது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சிலிகேட்டை வீணடித்துக் களிமண்ணைத் திரள வைக்கின்றன.

மில்லுக்கு ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்தோம். அடுத்த பேட்ச் பழைய நேரத்திலேயே சல்லடையில் இறங்கியது. அப்பாடா! இப்போது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்பு தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்துவிடுகிறோம்.