பெட்டியா, மாம்பழமா? ஆங்கில எழுவாயைத் தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி’ என்று கரும்பலகையில் எழுதி, சிம்பிள் சப்ஜெக்ட் எது என்று கேட்டுப் பாருங்கள். அதாவது அடைமொழி, விவரம் எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சும் எழுவாய்ச் சொல். ‘மேங்கோஸ்’ என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கூடவே ‘இஸ்’ஸை ‘ஆர்’ என்று திருத்தவும் ஒரு கை நீளும்.

இந்தத் தவறில் பாதிப் பங்கு நம் தமிழுடையது என்பேன். ‘மாம்பழப் பெட்டி’, ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் தலைமைச் சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறோம். அதையே பிடித்துப் பழகிய கண் ஆங்கிலத்திலும் கடைசிப் பெயரைத் தேடுகிறது. ‘மை ஓல்ட் ரெட் சைக்கிள்’ போன்ற தொடர்களில் அது பலித்தும்விடுவதால் சந்தேகம் வருவதில்லை. ஆனால் ‘ஆஃப்’, ‘இன்’, ‘வித்’ போன்ற பிரபோசிஷன் வந்துவிட்டால் வரிசை தலைகீழ்: தலைமைச் சொல் முன்னால், விவரம் பின்னால். அதனால் இங்கே எழுவாய் ‘பாக்ஸ்’, வினை ‘இஸ்’.

‘எது கனக்கிறது?’ என்ற கேள்வி மட்டும் இங்கே கைகொடுக்காது. மாம்பழம்தானே கனக்கிறது என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். பதில் சொல்வது கடினம். முதலில் பிரபோசிஷனில் தொடங்கும் துண்டைப் பென்சிலால் அடித்துவிட்டு, அப்புறம் கேளுங்கள். ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் லிவ்ஸ் இன் மதுரை’ என்பதில் ‘ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’ போனால் மிஞ்சுவது ‘ஒன்’. அதனால்தான் ‘லிவ்ஸ்’. ‘நண்பர்களில் ஒருவர் மதுரையில் இருக்கிறார்கள்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லையே!

இந்த வழி சறுக்கும் இடமும் உண்டு. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்’ என்பதில் ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் ‘பல’ என்றே பொருள். வினை மாணவர்களைப் பார்த்துப் பன்மையாகிறது. ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் ‘இஸ்’தான்.

‘தேர் ஆர் டூ டாக்ஸ் அட் தி கேட்’ என்பதில் முதலில் நிற்கும் ‘தேர்’ வெறும் வாயில்காப்பாளன். பள்ளி இலக்கணப்படி எழுவாய் ‘டாக்ஸ்’.

‘க்ளோஸ் தி டோர்’ என்பதில் ‘டோர்’ செயப்படுபொருள். எழுவாய், சொல்லாமல் விட்ட ‘யூ’. தமிழ் வகுப்பில் படித்த தோன்றா எழுவாயேதான்.

கழிக்கும் ஆர்வத்தில் ‘நியூ டெல்லி’யின் ‘நியூ’வையும் அடைமொழி என்று அடித்துவிடாதீர்கள், அது பெயரின் பாதி.