ஆபிஸில் 'சியூ' போடுபவர்கள் செய்யும் தவறுகள்

மாதக் கடைசி. கோலாலம்பூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் 14ஆவது மாடி, கணக்குப் பிரிவு. நாலு நாளாகக் கண்ணாமூச்சி காட்டிய 30 சென் ஒருவழியாகப் பிடிபட்டு, பேங்க் ஸ்டேட்மென்டும் லெட்ஜரும் ஒத்துப்போய்விட்டன. கிராணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுகிறார், இரண்டு எட்டு ஓடுகிறார், எம்பிக் குதித்து அந்தரத்திலேயே திரும்பி, காலை அகட்டி இறங்கி, இரண்டு கையையும் கீழே வீசி "சியூ" என்கிறார். பக்கத்து மேஜை அக்கா தலை நிமிராமலே "கோல்" என்கிறார். ஐந்து விநாடி, அவ்வளவுதான், அப்புறம் இருவரும் வேலையைப் பார்க்கிறார்கள்.

கால்பந்து வீரர் ரொனால்டோ 2013இலிருந்து கோல் அடித்ததும் போட்டுவரும் அந்தத் துள்ளலை 30 சென்னுக்குப் போடுவதில்தான் வேடிக்கையே இருக்கிறது. காரியம் கடுகளவு, கொண்டாட்டம் மலையளவு. இதற்கு முகம் சுளிக்கும் பெரியவர்கள் எல்லா ஆபிஸிலும் இருப்பார்கள், பினாங்கு என்றால் கட்டாயம் ஒருவர், "நம்ம ஊர் நிக்கோல் டேவிட் ஸ்குவாஷில் எட்டு முறை உலகச் சாம்பியன், இப்படியா குதித்தார்?" என்று கேட்பார். ஐயா, அவருக்குக் கோப்பை கொடுத்தார்கள், மேடை போட்டார்கள், ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல் இடத்தில் இருந்ததை நாடே பேசியது. பெட்டி கேஷை ஒரு சென் பிசகாமல் முடித்தவருக்கு யார் மாலை போடப்போகிறார்கள்? தானே துள்ளிக்கொண்டால்தான் உண்டு.

ஆனால் இதையும் கெடுக்க வழி இருக்கிறது, அதுவும் நிறைய.

முதல் தவறு முந்திக்கொள்வது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2016 டி20 உலகக் கோப்பையில் பெங்களூரில் நடந்தது மறந்திருக்காது. கடைசி ஓவரில் வங்காளதேசத்துக்கு 11 ரன் வேண்டும், முஷ்பிகுர் ரஹீம் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி அடித்து, ஜெயித்துவிட்ட மாதிரியே கையை முறுக்கிக் கத்தினார். மூன்று பந்து, இரண்டு ரன். அடுத்த பந்தில் அவர் கேட்ச், அதற்கடுத்த பந்தில் மஹ்முதுல்லா கேட்ச், கடைசிப் பந்தில் தோனி ஓடிவந்து ஸ்டம்பைத் தட்ட ரன் அவுட், இந்தியா ஒரு ரன்னில் வெற்றி. 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் கதையும் இதேதான்: பனிச்சறுக்கில் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு வந்தவர், முடிய இருந்த நேரத்தில் அழகுக்குப் பலகையைப் பிடித்துத் தாவி, விழுந்து, தங்கத்தை வெள்ளியாக்கிக்கொண்டார்.

"2008இல் பெய்ஜிங்கில் போல்ட் கோட்டைத் தொடுவதற்கு முன்பே நெஞ்சைத் தட்டினாரே" என்று ஒருவர் கேட்பார். தட்டினார், தட்டியும் 9.69 விநாடியில் உலகச் சாதனை. அவ்வளவு தூரம் முன்னால் ஓடுபவர் தாராளமாகத் தட்டிக்கொள்ளலாம், நம்மில் பலர் டெட்லைனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஆபிஸில் 'முடிந்தது' என்பது எப்போது என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே சிரமம். ஈமெயிலில் 'செண்ட்' தட்டியதும் குதிப்பவர் இருக்கிறாரே, அட்டாச்மென்ட் போகவில்லை என்று எதிர்முனையிலிருந்து பதில் வரும்போது அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். 2024 ஆகஸ்ட் முதல் கட்டம் கட்டமாக வந்த இ-இன்வாய்ஸ் இன்னும் மோசம். மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏற்றி, வரி வாரியத்தின் சிஸ்டம் சரிபார்த்து ஏற்றுக்கொண்டாலும் கதை முடிவதில்லை, 72 மணி நேரத்துக்குள் வாங்கியவர் நிராகரிக்கக் கேட்கலாம், விற்றவரே ரத்து செய்யவும் செய்யலாம். கால்பந்தில் வி.ஏ.ஆர் என்ற வீடியோ நடுவர் இரண்டு மூன்று நிமிடத்தில் கோலைப் பறித்துவிடும், இங்கே மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே இன்வாய்ஸுக்கு இன்றைக்கு ஒரு சின்னத் தலையாட்டல், நாலாம் நாள் முழுத் துள்ளல். தொழிலாளர் சேமநிதியான இ.பி.எஃப் அப்படியில்லை: 15ஆம் தேதிக்குள் பணம் கட்டி ரசீதும் வந்துவிட்டதா, அந்த நிமிடமே குதிக்கலாம்.

அடுத்தது உடம்பும் மேஜை நாற்காலியும். 2001இல் ஸ்பெயினில் வில்லாரியல் அணிக்கு ஆடிய மார்ட்டின் பலேர்மோ கோல் அடித்த சந்தோஷத்தில் ரசிகர்களிடம் ஓட, தடுப்புச் சுவர் இடிந்து காலில் விழுந்து எலும்பு முறிந்தது. 2004இல் சுவிட்சர்லாந்தில் பாலோ டியோகோ வேலியில் ஏறிக் குதித்தபோது கல்யாண மோதிரம் கம்பியில் மாட்டி விரலே போனது, அதற்கு மேல் நடுவர் மஞ்சள் அட்டை வேறு காட்டினார். நம் ஆபிஸ் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, கழுத்தில் ஆக்சஸ் கார்டு தொங்குகிறது. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் ஜடேஜா மட்டையைச் சுழற்றுவது மாதிரி வாள் சுழற்ற ஆசைப்படுபவர் பிளாஸ்டிக் ரூலரை எடுக்கவும், பேப்பர் வெட்டும் கத்தியை அல்ல.

சட்டையைக் கழற்றுவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கங்குலி 2002இல் லார்ட்ஸ் பால்கனியில் கழற்றிச் சுழற்றினார், அவர் கேப்டன். கால்பந்தில் அதற்கு மஞ்சள் அட்டை, கோலே செல்லாது என்று ஆனாலும் அட்டை அட்டைதான். ஆபிஸில் அந்த அட்டைக்கு ஷோ-காஸ் லெட்டர் என்று பெயர். வியாழக்கிழமை போடும் பாத்திக் சட்டையாக இருந்தாலும் பட்டன் மேல் கை வைக்க வேண்டாம்.

செப்பாங்கில் ஃபார்முலா ஒன் நடந்த காலத்தில், 2016 பந்தயத்தை ஜெயித்த டேனியல் ரிக்கார்டோ தன் காலணியில் ஷாம்பெயினை ஊற்றிக் குடித்தார். காலையில் எல்.ஆர்.டி ஏறி இறங்கி, மழைத் தண்ணீரில் நனைந்து வந்த காலணியில் எதையும் ஊற்றாதீர்கள். மலாய்க்கார நண்பர்கள் இருக்கும் இடத்தில் ஷாம்பெயின் பேச்சுக்கே இடமில்லை, ஹண்ட்ரட் பிளஸ் டின்னைக் குலுக்கித் தெளிக்கலாம் என்று தோன்றினால் கீபோர்டுக்கு யார் காசு கொடுப்பது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்துச் சாயங்காலத்தில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவரின் காதருகே கத்தக் கூடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இன்னொருவர் தோற்ற இடத்தில் ஆடுவது வேறு வகைத் தவறு, இதுதான் பகையில் முடிவது. 2012 லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியில் மூன்றாவது செட்டை 21-19 என்று எடுத்துவிட்டு சீனாவின் லின் டான் மைதானத்தைச் சுற்றி ஓடிய ஓட்டம் நினைவிருக்கும். அவருக்கு அது நியாயமான ஓட்டம். ஆனால் லீ சோங் வெய்யை மகன் மாதிரி பார்த்த இந்த ஊரில் அதைப் பார்த்த வயிறு இன்னும் எரிகிறது, இத்தனைக்கும் நாம் வெறும் பார்வையாளர்கள். அப்படியானால் உங்கள் கிளேம் பாஸாகி, எதிர் மேஜைக்காரரின் கிளேம் ரசீது இல்லை என்று திரும்பிவந்த நாளில் நீங்கள் ஆடினால் அவருக்கு எப்படி இருக்கும்? பழைய அணிக்கு எதிராக கோல் அடிக்கும் ஆட்டக்காரர்கள் பலர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு அமைதியாக நடந்துவிடுவார்கள். டிபார்ட்மென்ட் மாறிப்போனவர்களுக்கு அது நல்ல பழக்கம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறை நீங்களும் நானும் செய்வதில்லை, மேலே இருப்பவர்கள் செய்வார்கள். கணக்குப் பிரிவில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் எச்.ஆருக்கு ஒரு யோசனை வரும். அடுத்த வாரமே மணி ஒன்றை வாங்கி மாட்டி, டார்கெட் எட்டியவர் வந்து அடிக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து கைதட்ட வேண்டும் என்று மெமோ வரும், டவுன் ஹாலில் மேனேஜர் 'சியூ' போட்டுக் காட்டுவார், 'மாதத்தின் சிறந்த கொண்டாட்டம்' என்று கே.பி.ஐயில் ஒரு வரியும் ஏறிவிடும். அத்தோடு செத்தது. ஐஸ்லாந்தின் ஸ்டியார்னன் அணி 2010இல் கோல் அடித்ததும் ஒரு ஆள் தூண்டில் போட, இன்னொரு ஆள் மீனாகத் துள்ளி இழுபட, மற்றவர்கள் அவரைத் தூக்கி வைத்துப் படம் பிடிக்க என்று நடித்ததை உலகமே பார்த்துச் சிரித்தது. ஆடியவர்கள் அவர்களே யோசித்துச் செய்த கூத்து என்பது பார்த்தாலே தெரியும். கிளப் தலைவர் சர்க்குலர் அனுப்பி நடந்திருந்தால் யார் சிரித்திருப்பார்கள்? போனஸ் கேட்ட இடத்தில் கைதட்டல் கிடைக்கும் ஆபிஸில் மணி அடிப்பது எனக்குக் கொண்டாட்டமாகத் தெரியவில்லை, வாயை அடைப்பதாகத்தான் தெரிகிறது. மேனேஜர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பார்க்காத மாதிரி இருப்பது.

வீடியோ எடுத்து டிக்டாக்கில் போடுபவர்கள் முதலில் துள்ளுபவரிடம் கேட்டுவிடுங்கள், அப்புறம் பின்னால் இருக்கும் திரையைப் பாருங்கள். சம்பளப் பட்டியல் முடிந்த சந்தோஷத்தில் எடுத்த வீடியோவில் அத்தனை பேரின் ஐ.சி நம்பரும் சம்பளமும் தெளிவாகத் தெரிந்தால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதை யாராவது உங்களுக்கு நினைவுபடுத்துவார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பிரிண்டரில் தொடங்கலாம். சிக்கிய காகிதத்தை உருவி எடுப்பதில் யாரும் தோற்பதில்லை, 72 மணி நேரமும் காத்திருக்க வேண்டியதில்லை, சுற்றி நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால் ரசிகர்களும் தயார். அதற்கு வெஸ்ட் இண்டீஸின் ஷெல்டன் காட்ரெல் பொருத்தமான ஆள்: ஜமைக்கா ராணுவத்தில் இருந்தவர், விக்கெட் விழுந்ததும் நாலடி அணிநடை போட்டு, நின்று, விறைப்பாக ஒரு சல்யூட். இடம் அதிகம் வேண்டாம், சத்தமும் இல்லை, முடிந்ததும் அப்படியே திரும்பி உங்கள் மேஜைக்கு நடந்துவிடலாம். டிரேயை மூடி, ஒரு பக்கமாவது வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு நடங்கள்.